இரண்டு வாதங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன? கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

நாளை கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் என்கிறார் ஒருவர். மழை பெய்யும், நடக்காது என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் அதே மறுப்பைக் கொஞ்சம் வார்த்தை மாற்றிச் சொல்கிறார். இப்போது இருப்பது ஒரு மறுப்பா, இரண்டா?

கணினிவழி வாதவியலில் (வாதங்களைக் கணினி எடைபோடும் வழிகளை ஆராயும் துறை) இந்தக் கேள்விக்கு விலை உண்டு. பெனார், ஹன்டர் என்ற ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஒரு முறையில், வாதத்தின் வலிமை = 1 ÷ (1 + அதைத் தாக்கும் வாதங்களின் வலிமைகளைக் கூட்டிய தொகை). யாரும் தாக்காத வாதத்துக்கு வலிமை 1. ஒரே ஒரு மறுப்பு என்றால் "ஆட்டம் நடக்கும்" என்பதன் வலிமை 1/2. இரண்டு என்று எண்ணினால் 1/3. வேடம் மாற்றி வந்த மறுப்பு கள்ள ஓட்டுப் போட்டுவிட்டது! அதைப் பிடிக்கத்தான் ஒப்புமை அளவு: இரண்டு வாதங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்.

படி 1: வாதத்தைப் பிரியுங்கள்

ஒவ்வொரு வாதத்திலும் ஆதாரங்கள் சில, முடிவு ஒன்று.

வாதம் 1: நாளை மழை பெய்யும், பெய்தால் மைதானம் நனையும், நனைந்தால் ஆட்டம் நடக்காது. முடிவு: ஆட்டம் நடக்காது.

வாதம் 2: நாளை மழை பெய்யும்; பெய்தால் ரசிகர்கள் வரமாட்டார்கள்; அவர்கள் வராவிட்டால் ஆட்டம் நடக்காது. முடிவு: ஆட்டம் நடக்காது.

வாதம் 3: நாளை மழை பெய்யும், பெய்தால் மைதானம் நனையும். முடிவு: மைதானம் நனையும்.

படி 2: ஆதாரங்களை ஒப்பிடுங்கள்

ஜக்கார் அளவு போதும்: இரண்டுக்கும் பொதுவான ஆதாரங்கள் ÷ இரண்டிலும் சேர்த்து உள்ள வெவ்வேறு ஆதாரங்கள். (பால் ஜக்கார் சுவிஸ் நாட்டுத் தாவரவியலாளர். 1901-இல் ஆல்ப்ஸ் மலைச் செடிகளை ஒப்பிடப் போட்ட கணக்கு இங்கே வந்து நிற்கிறது.)

1-க்கும் 2-க்கும்: 1 ÷ 5 = 0.2.
1-க்கும் 3-க்கும்: 2 ÷ 3 = 0.67.

படி 3: முடிவையும் சேருங்கள்

முடிவுகள் ஒன்றே என்றால் 1, இல்லையென்றால் 0. அப்புறம் சிக்மா என்ற எடை, 0-க்கும் 1-க்கும் இடையில்:

ஒப்புமை = சிக்மா × ஆதார ஒப்புமை + (1 − சிக்மா) × முடிவு ஒப்புமை

சிக்மா 0.5 என்றால் 1-க்கும் 2-க்கும் 0.6, 1-க்கும் 3-க்கும் 0.33. சரி, இப்போது சிக்மாவை 0.8 ஆக்குங்கள். முதல் ஜோடி 0.36-க்கு இறங்குகிறது, இரண்டாவது 0.53-க்கு ஏறுகிறது. வரிசையே தலைகீழ்! வாதங்களில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எனவே சிக்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு 0.5 என்று வைக்காதீர்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடினால் கூட்டி வையுங்கள். யார் யார் ஒரே முடிவுக்கு வருகிறார்கள் என்று பார்க்கக் குறைத்து வைக்கலாம்.

படி 4: 'மற்றும்' என்ற பொறி

வாதம் 1-இன் மூன்று ஆதாரங்களையும் 'மற்றும்' போட்டு ஒரே கூற்றாக எழுதுங்கள். பொருள் மாறவில்லை. ஆனால் பழைய வடிவத்தோடு ஒப்பிட்டால் ஜக்கார் 0 தரும், ஏனென்றால் அது கூற்றுகளை எழுதியபடியேதான் பார்க்கிறது. அதனால் கணக்குக்கு முன்பே அவற்றை உடைத்துவிடுங்கள். "மழை பெய்யும் மற்றும் நாளை திங்கள்கிழமை" என்று ஒட்டிக்கொண்டு வந்தால், உடைத்த பிறகு திங்கள்கிழமையைத் தூக்கிப் போடுங்கள். முடிவுக்கு அது தேவையே இல்லை. 2018-இல் ஆய்வாளர்கள் லெய்லா அம்கூத், விக்டர் டாவிட் இருவரும் இந்த அளவுகளைத் தர்க்க வாதங்களுக்குப் பொருத்தி ஆராய்ந்தார்கள்; எழுதும் வடிவம் கிளப்பும் இந்தச் சிக்கலும் அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளில் உண்டு.

உங்களுக்கு ஒரு வேலை: ஜக்காருக்குப் பதில் டைஸ் அளவைப் போடுங்கள் (2 × பொதுவானவை ÷ இரு பக்க எண்ணிக்கைகளின் கூட்டல்). இரண்டு ஜோடிகளும் சமமாகும் சிக்மா எது? ஜக்காரில் அது சுமார் 0.68. டைஸிலும் அதேதான் வரும். எனக்கும் முதலில் சந்தேகம் வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். இந்த எண்களுக்கு அமைந்த தற்செயல் அது; ஓர் ஆதாரத்தைக் கூட்டிப் பாருங்கள், பிரிந்துவிடும்.