அக்கா தம்பி சேர்ந்து ஒரு வார இறுதி: வடசென்னையில் நடை, மீன், கேரம்

கல்யாணமாகி ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, கூடப் பிறந்தவர்களைப் பார்ப்பதே விசேஷ வீடுகளில்தான் என்றாகிவிட்டது. அங்கே பந்திக்கும் போட்டோவுக்கும் நடுவில் என்ன பேச முடியும்? "எப்படிடா இருக்க?" "இருக்கேன்க்கா." அதோடு சரி. எதிரில் உட்கார வைத்து "சொல்லு" என்றால் வராத பேச்சு, பக்கத்தில் நடக்கும்போதும் கை ஒரு வேலையாக இருக்கும்போதும் தானாக வரும். நானும் என் தம்பியும் இரண்டு நாளை எப்படிக் கழிப்போம் என்பதை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. தேதி குறியுங்கள்; இருவர் மட்டும்

வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவது வேறு, இது வேறு. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வெயிலும் கொளுத்தும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நடக்க சுகமாக இருக்கும்.

2. சனிக்கிழமை விடிகாலை, ராயபுரம் ஸ்டேஷன்

மின்சார ரயிலில் வந்து இங்கே சந்தித்துக்கொள்ளலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்த உயரமான தூண்களை வெளியே நின்று நிதானமாகப் பாருங்கள். அப்புறம் ஒரு டீ குடித்துவிட்டு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடக்க ஆரம்பியுங்கள். போனைப் பையில் போட்டுவிடுங்கள். அப்பா அம்மாவின் மருந்துச் செலவு, சொத்து விஷயம் இதையெல்லாம் இந்த நடையில் எடுக்காதீர்கள். அதற்கு வேறு நாள் இருக்கிறது.

3. காசிமேட்டில் மீன்

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும் என்பதால்தான் சனிக்கிழமை சொல்கிறேன். வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், தரை முழுக்கத் தண்ணீர். வாங்கும் முன் ஒரு சுற்று சுற்றி விலை கேளுங்கள்.

சங்கராவோ வஞ்சிரமோ, பார்ப்பது ஒரே மாதிரிதான். செவுளைத் தூக்கிப் பாருங்கள், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் வேண்டாம். கண் குழிவிழாமல் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை உடனே மேலே வர வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் பழைய மீன். மீன் பார்ப்பதை ஒருவரும் பேரம் பேசுவதை ஒருவரும் பிரித்துக்கொள்ளுங்கள். எங்களில் பேரம் தம்பிதான். வெட்டித்தரும் அம்மாக்கள் அங்கேயே அரிவாள்மனையோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

திரும்ப ஆட்டோ பிடியுங்கள், மீன் காத்திருக்காது. வீட்டில் ஒருவர் புளி கரைக்க, ஒருவர் வெங்காயம் உரிக்க, குழம்பு தயார்.

4. மதியத்துக்கு மேல் கேரம்

வடசென்னையில் கேரம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2008-இல் உலக சாம்பியனான இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் நம்ம ஏரியாதான். அதனால் ஆடத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் கற்றுக்கொள்ளுங்கள்.

போர்டைத் தரையில் ஆடாமல் வையுங்கள். போரிக் பவுடரைக் கொஞ்சமாகத் தூவி, காய்ந்த பருத்தித் துணியால் தேய்த்துவிடுங்கள். அதிகம் போட்டால் ஸ்ட்ரைக்கர், அதாவது காயினை அடிக்கும் பெரிய வட்டு, மாவு மேல் போவது போலத் தடுமாறும். காயின் வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, நடுவில் ரெட். முதலில் அடிப்பவருக்கு வெள்ளை. யாருக்குப் புதிதோ அவருக்கு முதல் அடியைக் கொடுங்கள்.

ஸ்ட்ரைக்கர் உங்கள் பக்கத்து இரட்டைக் கோட்டில் இரண்டையும் தொட்டபடி இருக்க வேண்டும். உள்ளங்கையைத் தூக்கி, மற்ற விரல் நுனிகளைப் போர்டில் ஊன்றுங்கள். ஆள்காட்டி விரல் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால், தொட்டும் தொடாமலும் நிற்கட்டும். அங்கிருந்து சுண்ட வேண்டும், தள்ளக் கூடாது. புதியவர்கள் பலத்தை மறந்துவிட்டு, நேர்க்கோட்டில் இருக்கும் காயினை மட்டும் மெதுவாக அடித்துப் பழகுங்கள். நேர் அடி கைவந்த பிறகு, காயினின் ஓரத்தில் தட்டிப் பக்கவாட்டில் அனுப்பும் கட் ஷாட். ரெட் விழுந்தால் அடுத்த அடியிலேயே உங்கள் காயின் ஒன்றைப் போட்டாக வேண்டும், இல்லையென்றால் ரெட் நடுவுக்குத் திரும்பிவிடும். ஸ்ட்ரைக்கரே குழியில் விழுந்தால் ஏற்கெனவே போட்ட காயின் ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும்.

25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு (காயின்களை அடுக்கி ஒரு முறை ஆடி முடிப்பது ஒரு போர்டு), எது முதலில் முடிகிறதோ அதுவரை ஆட்டம். பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆபீஸில் தனக்கு நடந்த ஒரு பெரிய விஷயத்தை, கண்ணைப் போர்டிலிருந்து எடுக்காமல் என் தம்பி சொன்னது ஒரு கட் ஷாட்டுக்குக் குறிபார்த்தபடிதான். நானும் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டேன். பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பான்.

5. ராத்திரிக்கு அத்தோ

பாரிமுனைப் பக்கம் செகண்ட் லைன் பீச் தெருவுக்குப் போங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. நூடுல்ஸும் முட்டைகோஸும் வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். காரம் கம்மியாக வேண்டுமென்றால் பிசையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

6. ஞாயிறு காலை திருவொற்றியூர்

மெட்ரோவில் தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் தியாகராஜர் கோவில் நடக்கும் தூரம். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம் இது. அவரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே பிரகாரம் சுற்றலாம். வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு, கடலோரம் இருக்கும் பட்டினத்தார் சமாதிக்கும் போய்வாருங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

கால் வலிக்கவில்லையென்றால் காலடிப்பேட்டை வரை நடந்து அங்கே மெட்ரோ ஏறலாம். அடுத்த முறைக்கான தேதியைப் பிளாட்பாரத்திலேயே இருவர் போனிலும் குறித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பொங்கல் வந்துவிடும்.