அப்பாவின் போனுக்கு வந்த 'கரண்ட் பில்'

"இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. கூடவே ஒரு ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை நேரடியாகப் போனில் ஏற்றும் ஃபைல்). பில் கட்டிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஆனாலும் மனுஷர் பதறிப்போய் அதை இன்ஸ்டால் செய்து, அது கேட்ட அனுமதியையெல்லாம் கொடுத்துவிட்டார். கால் மணி நேரத்தில், யாரும் கேட்காத ஓடிபி ஒன்று வந்தது. "இது எதுக்குடா வருது?" என்று போனை நீட்டியபோதுதான் எனக்கு விஷயமே தெரியும்.

முதல் வேலையாக ஃபிளைட் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்தேன். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கிடைத்துவிட்டால் ஓடிபியை அந்த ஆப்பே திருடனுக்கு அனுப்பிவிடும். நாம் வாய் திறக்கவே வேண்டாம். அப்புறம் என் போனிலிருந்து, டெபிட் கார்டின் பின்பக்கம் இருந்த எண்ணுக்கு அழைத்து கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் முடக்கச் சொன்னேன். (கூகுளில் தேடி எடுக்கும் வங்கி நம்பர்களில் போலி நிறைய.) அதற்குள் 4,000 ரூபாய் போயிருந்தது. உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-இல் புகார்.

ஆப்பை நீக்கலாம் என்றால் ஐகானே இல்லை. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் பெயரில்லாமல் ஒளிந்திருந்தது. ஆப்பை நீக்கவிடாமல் தடுக்கும் 'டிவைஸ் அட்மின்' உரிமையைப் பறித்த பிறகே போனது. அப்பாவுக்கு வரும் அழைப்புகளைத் திருடன் தன் எண்ணுக்குத் திருப்பிவிடும்படி கால் ஃபார்வர்டிங் ஏதும் போட்டுவைத்திருந்தால் ரத்தாகட்டும் என்று ##002# அழுத்தினேன். பாஸ்வேர்டெல்லாம் என் லேப்டாப்பிலிருந்துதான் மாற்றினோம். அப்படியும் மனசு கேட்காமல் ஃபேக்டரி ரீசெட் செய்தேன். அதில் பேரனின் போட்டோக்கள் போய்விட்டன. 4,000 ரூபாயைவிட அதுதான் அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை.