பிரிந்துகொண்டே இருந்த தாள் குழல்கள்

பழைய மாத நாட்காட்டித் தாள்களைச் சுருட்டிப் பிள்ளைகளோடு நான் செய்த பேனாத் தாங்கி, மழை பெய்த மறுநாளே ஓரம் பிரிந்து வாய் திறந்துகொண்டது. பசையைக் கூட்டினோம், தாள் ஊறி நெளிந்ததுதான் மிச்சம். இரப்பர் வளையமிட்டு சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் காயவைத்தது, வளையத்தைக் கழற்றும் வரைக்கே பயன்பட்டது.

சில குழல்கள் மட்டும் பிரியாதிருந்தன. அவை தாளை வேறு வாட்டத்தில் வைத்துச் சுருட்டியவை. ஆலையில் தாள் உருவாகும்போது இழைகள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையில் படிவதால், குழலின் நீளம் இழையோட்டத்தோடு ஒத்திருந்தால் தாள் எளிதில் வளைகிறது. குறுக்காக அமைந்தால் விறைத்து நிமிரப் பார்க்கிறது, இவ்வூர் ஈரக்காற்றும் அதற்குத் துணைபோகிறது. ஓரத்தைக் கிழித்துப் பார்த்தாலே போதும்: இழையோட்டத்தில் நேராகவும் குறுக்கே கோணல்மாணலாகவும் கிழியும். அப்படிப் பார்த்துச் சுருட்டிய குழல்கள், குறைந்த பசையிலும், அப்பாடா, பிரியவேயில்லை.