டிரெய்லர் டென்ட் வாங்கப் போகிறீர்களா? முதலில் மடித்துப் பாருங்கள்

கடையில் டிரெய்லர் டென்ட்டை எப்போதும் விரித்துத்தான் வைத்திருப்பார்கள். உள்ளே மெத்தை போட்டிருக்கும், ஜன்னலில் திரை தொங்கும், முன்னறையில் மடக்கு மேசையும் நாலு நாற்காலியும் இருக்கும். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிப்போய்க் கட்டிலில் ஏறிக் குதிப்பார்கள். அந்த நிமிஷமே நாம் பாதி வாங்கிவிட்ட மாதிரிதான். ஆனால் வாங்கிய பிறகு அது விரிந்து நிற்கப்போவது வருஷத்தில் பத்துப் பதினைந்து ராத்திரி. மற்ற நாளெல்லாம் ஒரு பெட்டியாக மடிந்து காருக்குப் பின்னால் ஓடும், இல்லையென்றால் வீட்டு ஓரத்தில் கிடக்கும். இதை வாங்குவதில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, அந்தப் பெட்டியை யாரும் சரியாகப் பார்க்காததால் வருபவை.

புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு: டிரெய்லர் டென்ட் என்பது கார் இழுத்துப்போகும் சின்ன டிரெய்லர், அதற்குள் மடித்து வைத்த கேன்வாஸ் கூடாரம். விரித்தால் கட்டில்கள் தரையில் படாமல் உயரத்தில் நிற்கும். முன்னால் தரையோடு ஒரு பெரிய அறை வரும். கேரவனைவிடத் தாழ்வாக இருப்பதால் காற்று அதிகம் தடுக்காது, கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியும் தெரியும். ஃபோல்டிங் கேம்பர் என்று இன்னொன்று உண்டு. அதன் தரை, அலமாரி எல்லாம் டிரெய்லரோடு சேர்ந்தவை. சௌகரியமும் அதிகம், எடையும் அதிகம். இரண்டையும் ஒரே பெயரில் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காலி எடையைப் பார்த்துத் திருப்திப்படுவது

விளம்பரத்தில் பெரிதாக எழுதியிருப்பது காலி எடை. உங்களுக்கு வேண்டியது டிரெய்லரில் அடித்திருக்கும் தகட்டில் உள்ள உச்ச எடை. உச்சம் 500 கிலோ, காலி எடை 320 என்றால் நீங்கள் ஏற்றக்கூடியது 180 கிலோ. கேட்க நிறையத்தான் இருக்கிறது. முன்னறைத் துணியும் கம்பிகளும், மேசை நாற்காலி, அடுப்பு, கேஸ் சிலிண்டர், நான்கு பேர் படுக்கை, பாத்திரம், துணிமணி, மேலே இரண்டு சைக்கிள் என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள், 180 எங்கே போனது என்றே தெரியாது. தண்ணீர் 20 லிட்டர் என்றால் அதுவே 20 கிலோ. கேனைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

அடுத்தது காரின் கையேடு. அதில் இழுவைக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தனி பிரேக் உள்ள டிரெய்லருக்கு, மற்றது பிரேக் இல்லாததற்கு. பலரும் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் லேசான டிரெய்லர் டென்ட்களில் நிறைய பிரேக் இல்லாதவை. அவற்றையும் சேர்த்து நிறுத்துவது உங்கள் காரின் பிரேக்தான். சிறிய கார்களில் அந்த இரண்டாவது எண் 400, 500 கிலோ அளவில் நின்றுவிடும். ஐரோப்பாவில் உச்ச எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். சில கார்களுக்கு, குறிப்பாகச் சில மின்சாரக் கார்களுக்கு, இழுக்கவே அனுமதி கிடையாது. அப்புறம் உங்கள் லைசென்ஸ் எந்த எடை வரை இழுக்க அனுமதிக்கிறது என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

மொத்த எடை சரியாக இருந்தாலும் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தனி விஷயம். டிரெய்லரின் முன்முனை காரின் கொக்கியை அமுக்கும் எடையை நோஸ் வெயிட் என்பார்கள். ஐரோப்பாவில் வழக்கமான கணக்கு, சாமான் ஏற்றிய எடையில் 5 முதல் 7 சதவீதம். 500 கிலோ டிரெய்லருக்கு 25 முதல் 35 கிலோ. அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். எதுவானாலும் கார், டிரெய்லர் இரண்டின் கையேடுகளும் சொல்லும் அளவுதான் கடைசி வார்த்தை. அளக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, அதன்மேல் கொக்கி உயரத்துக்கு வெட்டிய மரத்துண்டை நிறுத்தி, முன்முனையை அதன்மேல் இறக்கி, முன்முனையைத் தாங்கும் சின்னச் சக்கரத்தைத் தூக்கிவிடுங்கள். டிரெய்லர் சாய்வில்லாமல் மட்டமாக நிற்க வேண்டும். முள் காட்டுவதுதான் கணக்கு. பின்பக்கம் கனத்து இந்த எடை குறைந்துபோனால், வேகம் கூடும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். சமையல் பெட்டி பின்கதவில் தொங்கும் மாடல்களில் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். கனமான சாமான் அச்சுக்கு மேலே, தாழ்வாக இருக்க வேண்டும்.

"ஆறு பேர் படுக்கலாம்"

படுக்கலாம். நாலு பேர் மேலே, மற்ற இரண்டு பேர் கட்டிலுக்கு அடியிலோ முன்னறையிலோ தொங்கவிடும் உள்கூடாரத்தில், தரையில். கடையில் வெட்கப்படாமல் எல்லோரும் ஏறி நீட்டிப் படுத்துப் பாருங்கள். கால் கேன்வாஸில் இடித்தால் விடியற்காலையில் அந்த இடம் பனித்து, போர்வை நனையும். ராத்திரி எழுந்திருக்கும் பிள்ளை யார் மேல் ஏறி இறங்கும் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளலாம்.

விற்பவர் விரிப்பதைப் பார்த்து மயங்குவது

அவர் இதை வாரத்துக்கு நாலு தடவை செய்கிறவர். பதினைந்து நிமிஷத்தில் கூடாரம் நிற்கும். ஆனால் முன்னறையைக் கட்டி, கம்பியைக் கோர்த்து, கயிறு இழுத்து முடிக்க முதல் தடவை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் நீங்கள் இருவரும் சேர்ந்து விரித்துப் பார்க்கக் கேளுங்கள். முக்கியமாக, மடித்தும் பார்க்கக் கேளுங்கள். விரிப்பதைவிட மடிப்பதுதான் கஷ்டம். துணி ஓர் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் மூடி பூட்டாது.

கூடவே இரண்டு கேள்விகள் கேளுங்கள். முன்னறை கட்டாமல் ஒரு ராத்திரி தங்க முடியுமா? கூடாரத்தை விரிக்காமல் உள்ளே இருக்கும் சாமானை எடுக்க முடியுமா? சில மாடல்களில் இரண்டாவதற்குப் பதில், முடியாது. போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொண்டால் குடை டிரெய்லருக்குள்ளே, டிரெய்லர் மழைக்குள்ளே.

காய வைக்க இடம் இருக்கிறதா என்று யோசிக்காதது

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். நல்ல டிரெய்லர் டென்ட்களில் பெரும்பாலும் பருத்தி கேன்வாஸ், அல்லது பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி இருக்கும். அது மூச்சு விடும், வெயிலில் பாலியஸ்டர் அளவுக்குப் புழுங்காது. நனைந்தால் நூல் உப்பித் தையல் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் புது கேன்வாஸை முதல் பயணத்துக்கு முன் ஒரு தடவையாவது நன்றாக நனைத்துக் காயவிடச் சொல்வார்கள். அதைச் செய்யாமல் போனவர்கள்தான் முதல் மழையில் தையல் வழியாக ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள்.

அதே பருத்திக்கு ஈரத்தோடு மடித்து வைத்தால் ஆகாது. ஓரிரு நாளிலேயே பூசணம் பிடிக்க ஆரம்பித்துவிடும். பிடித்தால் கரும்புள்ளி போகாது, வாடையும் லேசில் விடாது. பிளீச் போட்டுத் தேய்த்தால் துணியும் கெடும், தண்ணீர் புகாமல் இருக்கப் பூசிய பூச்சும் போகும். கிளம்புகிற காலையில் மழை பெய்தால் ஈரத்தோடு மடித்துக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. அன்றைக்கோ மறுநாளோ வீட்டில் மறுபடி விரித்தாக வேண்டும். முன்னறையோடு சேர்த்து நீளத்திலும் அகலத்திலும் ஐந்து, ஆறு மீட்டர் கேட்கும் சாமான் இது. முன்னறையைத் தனியாகக் கழற்றிக் கொடியில் போடலாம், டிரெய்லரோடு சேர்ந்த கூடாரத்தை என்ன செய்வீர்கள்? அடுக்குமாடியில் குடியிருந்து, டிரெய்லரை வாடகை இடத்தில் விடப்போகிறவர் என்றால், சாதாரணக் கூடாரமே வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பழையது வாங்கும்போது

முதலில் மூக்கால் பாருங்கள். மூடியைத் திறந்ததும் வரும் முதல் வாடைதான் உண்மையான வாடை. சில நிமிஷத்தில் மூக்குக்குப் பழகிவிடும். விற்பவர் முன்கூட்டியே விரித்துக் காற்றாட வைத்திருந்தால், மெத்தைக்கு அடியிலும் மடிப்பு விழும் மூலைகளிலும் தடவிப் பாருங்கள். ஜிப் ஒவ்வொன்றையும் முழுதாக ஓட்டுங்கள்.

டயரில் பட்டன் தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தாலோ பக்கத்தில் வெடிப்பு தெரிந்தாலோ புது டயர் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, விளக்குக்கான பிளக் 7 முனையா 13 முனையா, உங்கள் காருக்குப் பொருந்துமா என்றும் பாருங்கள். மூலைகளில் இறக்கும் கால்கள் வளைந்திருந்தால், யாரோ அவற்றை ஜாக்கி மாதிரி வைத்து டிரெய்லரையே தூக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவை ஆடாமல் தாங்க மட்டுமே.

கூடாரக் கம்பிகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாங்கள் முதலில் வாங்கியது பழையது. விற்றவர் "எல்லாம் பைக்குள்ளே இருக்கு" என்றார், பையும் கனமாகத்தான் இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு புல்வெளியில் எல்லாக் கம்பியையும் பரப்பிப் போட்டு மூன்று தடவை எண்ணியும், முன்னறைக் கூரைக்கு ஒன்று குறைந்தது. அந்த நாலு நாளும் ஒரு பக்கத்துக் கூரையைத் துடைப்பக் கட்டைதான் தாங்கியது.

கடைசியாக, பார்க்கப் போகும்போது அளவு டேப் கொண்டுபோங்கள். பெட்டியின் நீளத்தை மட்டும் அளந்துவிட்டு முன்னால் நீட்டியிருக்கும் இழுவைச் சட்டத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அதையும் சேர்த்து அளந்து வீட்டு கேட், கேரேஜ் கதவு, திரும்பும் இடம் மூன்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு காரிலிருந்து கழற்றச் சொல்லி, நீங்கள் இருவர் மட்டும் தள்ளிப் பாருங்கள். உங்கள் வீட்டு வாசல் மேடாக இருந்தால், ஒவ்வொரு பயணம் முடிந்து வரும்போதும் அதை மேலே ஏற்றப்போவது நீங்கள் இருவரும்தான்.