முதல் செஸ்ட் எக்ஸ்-ரே ரிப்போர்ட்: கீபோர்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

ரேடியாலஜி பி.ஜி. சேர்ந்த புதிதில் படம் திறந்ததுமே கை டைப் அடிக்கப் போகும். வேண்டாம். முதலில் ரெக்வெஸ்ட் ஃபார்ம். 'இரண்டு வாரமாக இருமல், காய்ச்சல்' என்று எழுதியிருந்தால் அனுப்பிய டாக்டருக்கு ஒரு கேள்வி இருக்கிறது, நீங்கள் எழுதப்போவது அதற்கான பதில்.

அடுத்து பெயர், தேதி, வலது இடது மார்க்கர். பி.ஏ.வா (கதிர் முதுகிலிருந்து மார்புக்குப் போவது), ஏ.பி.யா (மார்பிலிருந்து முதுகுக்கு)? படுக்கையிலேயே எடுத்த ஏ.பி. படத்தில் இதயம் பெரிதாகத்தான் தெரியும், இதயத்தின் அகலம் மார்பின் அகலத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற பி.ஏ.வுக்கான 50 சதவீதக் கணக்கை அங்கே போட்டு 'கார்டியோமெகாலி' (இதயம் பெரிதாகியிருக்கிறது) என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகள் 9, 10 எண்ண முடிந்தால் நோயாளி மூச்சை நன்றாக இழுத்திருக்கிறார்.

சரி, இனி பார்க்கிற வரிசை. எதில் தொடங்கினாலும் பரவாயில்லை, தினமும் அதே வரிசையாக இருக்கட்டும். ஒரு நிமோனியா கண்ணில் பட்டதும் தேடுவதை நிறுத்திவிடுவோம், நுரையீரல் உச்சியில் காரை எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கட்டி அப்படித்தான் தப்பும். இதயத்துக்குப் பின்னாலும் உதரவிதானத்துக்குக் கீழேயும் கடைசியாக ஒருமுறை போய் வாருங்கள்.

இப்போது எழுதலாம். கண்ணால் பார்த்தது ஃபைண்டிங்ஸ், அதிலிருந்து நீங்கள் முடிவுசெய்தது இம்ப்ரெஷன். 'வலது காஸ்டோஃப்ரெனிக் ஆங்கிள் (விலா எலும்பும் உதரவிதானமும் சேரும் மூலை) மழுங்கியிருக்கிறது' என்பது முதல் வகை, 'வலது ப்ளூரல் எஃப்யூஷன்' (நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருப்பது) இரண்டாவது. நின்றபடி எடுத்த பி.ஏ. படத்தில் அந்த மூலை மழுங்கவே சுமார் 200 மில்லி நீராவது சேர வேண்டும், அதனால் மூலை கூர்மையாக இருப்பதை வைத்து நீர் அறவே இல்லை என்று சத்தியம் செய்யாதீர்கள், சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்லுங்கள். வார்டில் பலர் இம்ப்ரெஷனை மட்டும்தான் படிப்பார்கள், அதை இரண்டு மூன்று வரிக்குள் முடியுங்கள்.

டெம்ப்ளேட் விஷயத்தில் நான் பட்டது: முதல் வருடம், இடது காரை எலும்பு முறிவு என்று மேலே அழகாக எழுதிவிட்டு, கீழே ஏற்கனவே இருந்த 'எலும்புகள் இயல்பாக உள்ளன' வரியை அழிக்க மறந்துவிட்டேன். 'எந்த வரியை நம்பட்டும்?' என்று ஆர்த்தோவிலிருந்து போன். அன்றிலிருந்து கையெழுத்துக்கு முன் மேலிருந்து கீழே ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன், பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தாலும்.

டென்ஷன் நிமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து அழுத்தும், உயிருக்கே ஆபத்தான நிலை) மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் இந்த வரிசையெல்லாம் கிடையாது. முதலில் போன், அப்புறம் ரிப்போர்ட். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.