ஒரே கோப்பிலிருந்து ஸ்டிக்கர், ஸ்டேட்டஸ், ஃப்ளெக்ஸ்: இன்க்ஸ்கேப்பில் எக்ஸ்போர்ட் செய்யும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ லாரன்ஸ் ரோட்டிலோ ஒரு டிடிபி கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: "சார், இதப் பெருசாக்கினா உடையுது. ஒரிஜினல் இருக்கா?" கொண்டு வந்தவர் கையில் இருப்பது வாட்ஸாப்பில் நான்கு பேரைத் தாண்டி வந்த ஒரு படம். அதை வரைந்தவர் இன்க்ஸ்கேப்பில் நன்றாகவே வரைந்திருப்பார். எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தும்போது முன்னால் வந்த எண்ணை அப்படியே விட்டிருப்பார், அவ்வளவுதான்.

எந்தப் படம் எங்கே போகப் போகிறது என்பதை வரைவதற்கு முன்பே கோப்புக்குள் எழுதி வைத்துவிட்டால், கடைசி நேர அவதியில் பெரும்பகுதி வராது. இன்க்ஸ்கேப் படம் வரையும் இலவச மென்பொருள். வீட்டில் ஒரு சாதாரண லேப்டாப் இருந்தால் போதும். ஆனால் 1.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். 2022 மே மாதம் வந்த அந்தப் பதிப்பில்தான் ஒரே கோப்பில் பல பக்கங்கள் வைக்கும் வசதியும், புது எக்ஸ்போர்ட் பலகையும் வந்தன. ஹெல்ப் மெனுவில் அபௌட் என்பதைத் திறந்து உங்கள் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு ஓர் உதாரணம். பண்ருட்டி முந்திரிப் பருப்பைப் பொட்டலம் போட்டு விற்கும் ஒரு சின்னக் கடை என்று வைத்துக்கொள்வோம். கேட்பது மூன்று: பொட்டலத்தில் ஒட்ட 100 × 70 மி.மீ ஸ்டிக்கர், வாட்ஸாப் ஸ்டேட்டஸுக்கு ஒரு படம், கடை வாசலுக்கு 10 அடி அகலம் 4 அடி உயரத்தில் ஃப்ளெக்ஸ்.

முதலில் பக்கங்கள்

புதுக் கோப்பைத் திறந்து, இடப்பக்கக் கருவிப் பட்டையில் பேஜ் கருவியை எடுங்கள். மேலே அளவு கேட்கும் பெட்டி வரும்.

முதல் பக்கம் ஸ்டிக்கருக்கு. அளவு 100 × 70 என்று கேட்டாலும் பக்கத்தை 106 × 76 மி.மீ என்று வையுங்கள். அச்சான தாளை வெட்டும் கத்தி ஒரு மயிரிழை தள்ளிப் போனாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். அதனால் நான்கு பக்கமும் 3 மி.மீ கூடுதலாகப் பின்னணி நிறத்தை ஓட விடுவது வழக்கம். எழுத்து, எடை, விலை எல்லாம் வெட்டுக்கோட்டிலிருந்து இன்னும் 3 மி.மீயாவது உள்ளே இருக்கட்டும்.

இரண்டாம் பக்கம் ஸ்டேட்டஸுக்கு: 1080 × 1920 பிக்சல்.

மூன்றாவது ஃப்ளெக்ஸ். பத்தடியை அப்படியே வரைய வேண்டாம், பத்தில் ஒரு பங்காக வரையுங்கள். அதாவது 304.8 × 121.92 மி.மீ. இந்த எண்ணின் கணக்கு கொஞ்சம் கீழே வருகிறது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் பேஜ் கருவியின் பட்டையிலேயே பெயர் வைக்கலாம். "ஸ்டிக்கர்", "ஸ்டேட்டஸ்", "ஃப்ளெக்ஸ்" என்று வைத்துவிடுங்கள். அரை நிமிட வேலைதான்.

சின்னத்தை ஒரு முறைதான் வரைய வேண்டும்

கடையின் சின்னம் மூன்று பக்கத்திலும் வரும். காப்பி, பேஸ்ட் செய்தால், கடைக்காரர் "இந்தப் பச்சையைக் கொஞ்சம் கருப்பாக்குங்க" என்று சொன்ன அன்று மூன்று இடத்தில் மாற்ற வேண்டும். ஓர் இடம் நிச்சயம் விட்டுப்போகும். அதற்குப் பதிலாகச் சின்னத்தை குரூப் செய்து, ஆல்ட் விசையோடு டி அழுத்துங்கள். குளோன், அதாவது மூலத்தோடு இணைந்தே இருக்கும் நகல், கிடைக்கும். அதை அடுத்த பக்கத்துக்கு இழுத்துச் சென்று அளவை மாற்றிக்கொள்ளலாம். மூலத்தில் நிறம் மாறினால் எல்லா குளோனிலும் தானாக மாறும். பின்னால் வரும் ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டும் சரியாக இருப்பதற்கு இந்த ஒரு பழக்கமே பாதிக் காரணம்.

முந்திரியின் புகைப்படம் சேர்க்கிறீர்களா? இம்போர்ட் செய்யும்போது லிங்க் வேண்டுமா, எம்பெட் வேண்டுமா என்று கேட்கும். எம்பெட் கொடுங்கள். லிங்க் கொடுத்தால் கோப்புக்குள் படம் இருக்காது, படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான் இருக்கும். வேறு கணினியில் திறந்தால் படம் வராது. இன்னொன்று, சின்னப் புகைப்படத்தை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) எக்ஸ்போர்ட் செய்வதால் அது தெளிவாகிவிடாது. கோடும் எழுத்தும்தான் எந்த அளவிலும் கூர்மையாக வரும். புகைப்படத்தில் இருக்கும் புள்ளிகள் இருப்பவைதான்.

டிபிஐ என்பது ஒரு வகுத்தல் கணக்கு

ஓர் அங்குல நீளத்தில் எத்தனைப் புள்ளிகள் என்பதுதான் டிபிஐ. இன்க்ஸ்கேப்பில் 96 பிக்சல் ஓர் அங்குலம். (2017இல் வந்த 0.92 பதிப்புக்கு முன்பு இது 90. அந்தக் காலத்துக் கோப்பைத் திறந்தால் அளவு சரிசெய்யவா என்று கேட்பது இதனால்தான்.) ஆகவே பிக்சலில் அளவு கொடுத்த ஸ்டேட்டஸ் பக்கத்தை 96 டிபிஐயில் எடுத்தால் சரியாக 1080 × 1920 கிடைக்கும். அங்கே போய் 300 என்று போட்டால் 3375 × 6000 ஆகும். வாட்ஸாப் அதைத் தன் இஷ்டத்துக்குச் சுருக்கும், எழுத்தின் ஓரமெல்லாம் மங்கும்.

ஸ்டிக்கர் கையில் பிடித்துப் பார்ப்பது. அதற்கு 300 வேண்டும். 106 × 76 மி.மீ பக்கம் 300 டிபிஐயில் 1252 × 898 பிக்சல் ஆகும். அச்சகம் பிடிஎஃப் வாங்கிக்கொள்ளும் என்றால் கோடும் எழுத்தும் வெக்டராகவே, அதாவது புள்ளிகளாக மாறாமல் கோடுகளாகவே போகும், இந்தக் கணக்கே வேண்டாம்.

இப்போது ஃப்ளெக்ஸ். "எதுவானாலும் 300 டிபிஐ" என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 10 × 4 அடிக்கு 300 போட்டால் 36000 × 14400 பிக்சல், அதாவது 51 கோடிப் புள்ளிகளுக்கு மேல். உங்கள் லேப்டாப் நின்றுவிடும், கடைக்காரர் கணினியும் திணறும். வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸை ஆள் பத்தடி தள்ளி நின்றுதான் பார்ப்பார். அதற்கு 72 டிபிஐ போதும்: 8640 × 3456. நாம் பத்தில் ஒரு பங்காக வரைந்திருப்பதால் எக்ஸ்போர்ட் பெட்டியில் 72ஐப் பத்தால் பெருக்கி 720 என்று போட வேண்டும். அகலம் 8640 என்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கணக்கு சரி.

எக்ஸ்போர்ட் பலகை

கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வலப்பக்கம் பலகை திறக்கும். அதில் இரண்டு தாவல்கள்: ஒன்று ஒற்றைப் படத்துக்கு, மற்றது பேட்ச் எக்ஸ்போர்ட்.

பேட்ச் தாவலுக்குப் போய் பேஜஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று பக்கமும் சிறு படங்களாகத் தெரியும். ஸ்டேட்டஸ் பக்கத்தை மட்டும் டிக் செய்து, கீழே பிஎன்ஜி, 96 என்று வையுங்கள். அதே இடத்தில் இன்னொரு வரி சேர்க்கும் பொத்தான் இருக்கிறது. ஜேபெக்கும் வேண்டுமானால் அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வரிக்கும் பின்னொட்டு தனி, வடிவம் தனி, டிபிஐ தனி. ஒரே அழுத்தலில் எல்லாம் வந்து விழும். கோப்புப் பெயரில் நீங்கள் பக்கத்துக்கு வைத்த பெயரும் பின்னொட்டும் சேர்ந்து வருவதால் எது எதற்கு என்று பிறகு தேட வேண்டியதில்லை. அடுத்து ஃப்ளெக்ஸ் பக்கத்தை மட்டும் டிக் செய்து 720.

சின்னம் மட்டும் தனியாக, பின்னணி இல்லாமல் வேண்டும் என்றால் அதைத் தேர்ந்தெடுத்து, ஒற்றைப் படத் தாவலில் செலக்ஷன் என்பதை அழுத்தி, தேர்ந்தெடுத்ததை மட்டும் எடு என்ற டிக்கைப் போடுங்கள். அந்த டிக் இல்லாவிட்டால் பின்னால் கிடக்கும் நிறமும் சேர்ந்து வரும். பிஎன்ஜியாகத்தான் எடுக்க வேண்டும். ஜேபெக்கில் ஒளிபுகும் பின்னணி கிடையாது.

எக்ஸ்போர்ட் முடிந்ததும் எஸ்விஜி கோப்பையும் (நீங்கள் வரைந்த மூலக் கோப்பு) ஒரு முறை சேமித்துவிடுங்கள். எந்தப் பொருளை எந்தப் பெயரில், எந்த டிபிஐயில் எடுத்தோம் என்பதை இன்க்ஸ்கேப் அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கிறது. தீபாவளிக்கு விலை மாற்ற வரும்போது அது கைகொடுக்கும்.

தமிழ் எழுத்து

இதில்தான் நம் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள். உங்கள் கணினியில் இருக்கும் எழுத்துரு அச்சகத்தின் கணினியில் இல்லையென்றால், அங்கே வேறொன்று வந்து உட்காரும். ஆங்கிலத்தில் அதனால் அழகு மட்டும் கெடும். தமிழில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்துவிடலாம். அப்படி ஆனால் "கொட்டை" என்பதில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும், நடுவே புள்ளி வட்டம் தெரியும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது என்றால் இன்னும் மோசம். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் முழுதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதனால் யூனிகோடில் மட்டுமே தட்டச்சு செய்யுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், மீரா இனிமை, முக்த மலர் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பை ஒற்றைப் படத் தாவலில் பேஜ் என்று தேர்ந்தெடுத்து எடுங்கள். அப்போது ஒரு பெட்டி திறக்கும். எழுத்தைப் பாதையாக மாற்று என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் எழுத்தெல்லாம் வரைகோடாக மாறிப் போய்ச் சேரும், எந்தக் கணினியிலும் குலையாது. அதே பெட்டியில் ராஸ்டரைஸ் செய்யும் டிபிஐ 96 என்று இருக்கும். அதை 300 ஆக்குங்கள். நிழல், மங்கல் போன்ற விளைவுகள் பிடிஎஃப்பில் புள்ளிப் படமாகத்தான் போகின்றன. 96இலேயே விட்டால் முந்திரியின் நிழல் மட்டும் படிப்படியாகத் தெரியும்.

கடை எஸ்விஜியே கேட்டால், கோப்பை முதலில் வேறு பெயரில் சேமியுங்கள். பிறகு அந்த நகலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்துங்கள், எழுத்தெல்லாம் பாதையாக மாறிவிடும். மூலக் கோப்பில் இதைச் செய்யவே கூடாது. பாதையாக மாறிய எழுத்தை மறுபடி தட்டச்சு செய்து திருத்த முடியாது.

புதுச்சேரிக் கடைகளுக்கு வேலை செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் கவனம். பெயர்ப் பலகையில் தமிழோடு பிரெஞ்சும் வரும்போது, அந்த எழுத்துகளின் தலையில் வரும் சிறு கோடு நீங்கள் எடுத்த தமிழ் எழுத்துருவில் இல்லாமல் போகலாம். அப்போது இன்க்ஸ்கேப் சத்தமில்லாமல் அந்த ஓர் எழுத்தை மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து எடுத்து வைக்கும். திரையில் சட்டென்று தெரியாது, பலகையில் பெரிதாகத் தெரியும். பிரெஞ்சு வரிக்குத் தனியாக ஓர் எழுத்துரு கொடுத்துவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன்

எக்ஸ்போர்ட் ஆன கோப்பை இன்க்ஸ்கேப்பில் பார்க்காமல் தனியாகத் திறந்து, 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்டேட்டஸ் படத்தை உங்கள் போனிலேயே திறந்து பாருங்கள். கையை நீட்டிப் பிடித்தபடி விலை படிக்க முடிகிறதா?

வாட்ஸாப்பில் கடைக்கு அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்று அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் சுருங்கித்தான் போய்ச் சேரும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. இன்க்ஸ்கேப் தரும் பிடிஎஃப் ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீலம்) நிறத்தில் இருக்கும், அச்சு இயந்திரம் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) மையில் அடிக்கும். திரையில் பளீரென்று தெரியும் பச்சையும் நீலமும் தாளில் கொஞ்சம் மங்கித்தான் வரும். சிஎம்ஒய்கேயே வேண்டும் என்று அச்சகம் சொன்னால் ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளில் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் பிடிஎஃப் எடுக்கலாம். அது இல்லாவிட்டாலும், ஆயிரம் ஸ்டிக்கருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு தாள் அடித்துக் காட்டச் சொல்லி, வெயில் வெளிச்சத்தில் கடைக்காரரையும் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். அவர் "பச்சை இன்னும் கொஞ்சம்" என்று சொன்னால் மூலச் சின்னத்தில் ஒரே இடத்தில் நிறத்தை மாற்றி, மறுபடி எக்ஸ்போர்ட் அழுத்தினால் போதும்.