பரணி வைனும் பழைய நம்பிக்கைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் பிறந்தால் போதும், கேரள இடுக்கி மலையின் குமுளி, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறைப் பக்கத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் வைன் பேச்சு தொடங்கிவிடும். மலைக்குக் கீழே தமிழ்நாட்டுக் கம்பம் ஊரிலிருந்து பன்னீர் திராட்சை ஏறி வரும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. பழத்தில் குறையே இல்லை. அதைப் பரணியில், அதாவது வைன் ஊறப்போடும் ஜாடியில், போட்டபின் நாம் நம்புகிற சங்கதிகளில்தான் பல தவறானவை, சில ஆபத்தானவை.

மனதை மிகவும் உறுத்துவதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கான பெண் பரணியைத் தொட்டால் வைன் புளித்துவிடும் என்று இன்றும் சில வீடுகளில் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். ஊறுகாய் ஜாடிக்குச் சொல்கிற அதே பேச்சு. முதலாம் நூற்றாண்டு ரோமாபுரியில் மூத்த பிளினி என்ற எழுத்தாளரும், அப்படிப்பட்ட பெண் பக்கத்தில் வந்தாலே புது வைன் புளிக்கும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். உண்மையில் வைனைப் புளிக்க வைப்பது அசிட்டிக் பாக்டீரியா. காற்று கிடைத்தால் அது ஆல்கஹாலை வினிகராக்கிவிடும். வைன் புளிப்பது நுண்ணுயிரிகளின் வேலை என்பதை விஞ்ஞானி லூயி பாஸ்தர் 1860-களிலேயே காட்டிவிட்டார். பொங்கி அடங்கிய வைனைப் பாதி காலியான பரணியில் விட்டு வைப்பது, தினமும் திறந்து ருசி பார்ப்பது, பழ ஈ நுழையும்படி துணியைத் தளரக் கட்டுவது, சரியாகக் கழுவாத அகப்பையை விட்டுக் கிளறுவது, இவைதான் காரணம். வைன் புளித்தால் வீட்டுப் பெண்களை ஏசாதீர்கள். பரணியின் வாயைப் பாருங்கள்.

அப்போ முதல் நாளே இறுக்கி மூடிவிட்டால்? அது இன்னும் பெரிய தவறு. ஈஸ்ட் சீனியைத் தின்று, எடையில் ஏறக்குறைய பாதியை ஆல்கஹாலாகவும் மறுபாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றும். ஒரு கிலோ சீனி முழுக்க நொதித்தால் வெளிவரும் வாயு 200 லிட்டருக்கும் மேல். அதற்குப் போக வழியில்லை என்றால் கண்ணாடி ஜாடி வெடிக்கும், சில்லு கண்ணிலும் படும். நுரை பொங்கும் நாட்களில் சுத்தமான துணியை நெருக்கிக் கட்டி, மேலே மூடியைச் சும்மா வைத்தால் போதும். அடங்கிய பிறகு வடித்து, பாட்டிலில் கழுத்துவரை நிரப்பலாம். இனிப்பு மிச்சமிருந்தால் பாட்டிலிலும் மறுபடி நொதிக்கும், அதனால் ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது.

திராட்சை மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சுதான் ஈஸ்ட், கழுவக் கூடாது என்பார்கள். அது பழமே சுரக்கும் மெழுகு. தோட்டத்தில் மருந்து அடித்த பழம் என்பதை மறக்காமல் நன்றாக அலசுங்கள், அப்புறம் ஈரம் போக உலர்த்துங்கள். பரணியை மண்ணில் புதைத்தால் வைனுக்கு வீரியம் ஏறும் என்பதும் சும்மா. மண்ணுக்கடியில் வெப்பம் சீராக இருக்கும், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் வைத்தால் ருசி கூடும் என்பது வீட்டு வைனுக்குப் பொருந்தாது. கடையில் விற்கும் வைனிலேயே பெரும்பாலானவை சில வருஷத்துக்குள் குடிக்கத்தான் செய்யப்படுகின்றன.

வீட்டுக்குத்தானே வைக்கிறோம், சட்டம் என்ன செய்யும் என்றும் இருந்துவிட வேண்டாம். 2019 கிறிஸ்துமஸுக்கு முன்பு, உரிமம் இல்லாமல் வீட்டில் வைன் தயாரிப்பது அப்காரி என்ற மதுச் சட்டப்படி குற்றம் என்று கேரளக் கலால் துறை எச்சரித்தது.

கடைசியாக, வைனை மருந்தாக்கும் பழக்கம். மலைக்குளிருக்கு ஒரு மடக்கு குடித்தால் சூடு என்பார்கள். தோலுக்கடியில் ரத்த நாளங்கள் விரிவதால் சூடு போலத் தெரிகிறது, ஆனால் உடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கிறது. 'இது வெறும் பழச்சாறுதான்' என்று குழந்தைக்கும் ஊற்றிக் கொடுக்கிறார்கள். சாதாரண பீரில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். நன்றாக நொதித்த வைனில் 10-ஐத் தாண்டும். குழந்தைக்கு ஒரு கரண்டிகூட வேண்டாம்.

சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று பிரசவமானவளுக்குக் கொடுப்பதுதான் இவற்றில் மிக மோசம். அந்த நிறம் திராட்சைத் தோலிலிருந்து வருவது. அதிலுள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கவே செய்யும். குடித்த ஆல்கஹால் தாய்ப்பாலிலும் இறங்கும். ரத்தம் குறைவு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்து, அவர்கள் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள்.